மிக அரிதான பக்க விளைவு

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தான். காபி கலந்துகொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். லேப்டாப்பைத் திறந்து வகுப்புக்கான லிங்க்கைத் தட்டினான். கேமரா அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். பேராசிரியர் எண்களை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். “இருபத்திமூணு” என்றதும், ‘ப்ரசன்ட் சார்’ என்று தட்டினான். பிறகு எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினான். பேராசிரியர் மனிதவள மேலாண்மை நடத்தினார். இவன் சட்டையைத் தேய்த்தான், பேன்ட்டைத் தேய்த்தான், தலையணை உறையைத் தேய்த்தான், தேய்க்கத் தேவையே இல்லாத துண்டையும் தேய்த்தான். வகுப்பு முடிந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

இருபத்திமூன்று அவனுடைய எண் அல்ல, அவன் மனைவியுடையது. அவள் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

இதில் மோசடி செய்யும் எண்ணம் எதுவும் அவனுக்கு இல்லை. எண்ணம் என்று ஏதாவது இருந்தால்தானே அதில் மோசடியும் இருக்க முடியும்? அவள் காய்ச்சலில் விழுந்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர்கள் சொல்லி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில், “அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்க. நீங்க போட்டுடுங்க. டைப் பண்ணா போதும், எட்டிக்கூடப் பாக்கமாட்டாங்க” என்றாள். போட்டான். அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்த மறுநாள் காலையிலும் அவள் போனில் வகுப்புக்கான அலாரம் அடித்தது. வீடு முழுக்க உறவுக்காரர்கள் படுத்திருந்தார்கள். அலாரத்தை அணைப்பதற்காகப் போனை எடுத்தவன், கை பழகிப்போனபடி லிங்க்கைத் தட்டி, எண் வந்ததும் ‘ப்ரசன்ட் சார்’ போட்டுவிட்டான். போட்ட பிறகுதான் உறைத்தது. அழிக்கலாமா என்று பார்த்தான். அதற்குள் பேராசிரியர் இருபத்திநாலுக்குப் போய்விட்டிருந்தார்.

அடுத்த நாளும் போட்டான். அதற்கடுத்த நாளும். ஒரு வாரத்தில் ஒன்று புரிந்தது. தெருவில், கடையில், வேலையிடத்தில், யாரைப் பார்த்தாலும் அவர்கள் முகம் சட்டென்று ஒரு தினுசாகக் கோணிக்கொண்டது. “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கும் குரலிலேயே அவள் செத்திருந்தாள். அவள் செத்துப்போனது தெரியாத இடம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அங்கே அவள் எண்ணைத் தினமும் கூப்பிட்டார்கள். தினமும் பதில் வந்தது. அங்கே அவள் நல்ல மாணவி.

அந்தப் படிப்பில் அவள் சேர்ந்தபோது வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது.

“காலேஜுன்னா நாலு பேரைப் பாக்கணும், நாலு இடம் போய் வரணும். நைட்டியை மாத்தாம உக்காந்து படிக்கறதுக்குப் பேரு காலேஜா?” என்றாள் அவன் மாமியார்.

“நைட்டியை மாத்தாம படிக்கலாம்னுதாம்மா சேர்ந்தேன்.”

“கேன்டீனே இல்ல, அப்புறம் என்னக்கா காலேஜ்?” இது மச்சினி. அவள் நேரில் போய்ப் படிக்கிற ரகம்.

“உன் காலேஜ்ல கேன்டீனைத் தவிர வேற என்னடி இருக்கு?”

மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவாள். நேரில் போய்ப் படிக்க வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும். வேலையை விடுகிற மாதிரி இருந்தால் அவள் எதற்குப் படிக்கப் போகிறாள்? இதைச் சொல்லிவிட்டு, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று இவன் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டுலயும் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு.”

“பாத்தியாடி? மருந்துப் பெட்டி பேசுது” என்றாள் அவள் தங்கையிடம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் வேலை அப்படி. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகியிருக்கும் துண்டுத்தாளை நாம் பிரித்தவுடன் குப்பையில் போடுவோமே, அதை அச்சடிக்கிற இடத்தில் பிழை பார்க்கிறவன் அவன். எதற்குப் பயன்படுகிறது, யார் சாப்பிடக் கூடாது, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, பக்க விளைவுகள் யாவை. பக்க விளைவுகளில் மூன்று படி உண்டு: பரவலானவை, அரிதானவை, மிக அரிதானவை. எறும்பைவிடச் சின்ன எழுத்தில் இதையெல்லாம் பகல் முழுக்கப் படித்துப் படித்து, அவனுக்கு எதைப் பற்றியும் ஒரே மூச்சில் நல்லதும் கெட்டதும் சொல்லித்தான் பழக்கம். அதை எவனும் படிப்பதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

நான்காவது மாதம் பேராசிரியர் குழு வேலை கொடுத்தார். தலைப்பு, ‘இணையவழி உயர்கல்வி: நன்மைகளும் குறைகளும்’. இணையவழி உயர்கல்வி நடத்துகிறவரே கொடுத்த தலைப்பு. குழுவுக்கு நாலு பேர். ஒருவரையொருவர் கண்ணால் கண்டதில்லை என்பதால் இவனே பெயர் வைத்துக்கொண்டான். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ‘மேஜர்’. அவர் மேஜர் இல்லை, குரல் அப்படி. இரட்டைக் குழந்தை பெற்றவள் ‘டபுள்’. ராத்திரி வேலை முடிந்து வகுப்பில் தூங்குகிறவன் ‘கொட்டாவி’. நாலாவது, இவன் மனைவி.

மேஜர் வாட்ஸப்பில் எழுத மாட்டார், பேசித்தான் அனுப்புவார். “தங்கச்சி, நீ ஏம்மா வாயே திறக்கமாட்டேங்கற? வாய்ஸ் போடு!”

‘தொண்டை சரியில்லை அண்ணா’ என்று தட்டினான்.

“உப்புத் தண்ணியில கொப்புளி. மூணு நாள்ல மணி மாதிரி ஆயிடும்.”

மூன்று நாளில் ஆகவில்லை என்றதும் மேஜர் வேறு வைத்தியம் சொன்னார். அதுவும் கேட்கவில்லை என்றதும், “இது என்ன தொண்டையா, துப்பாக்கிக் குழாயா?” என்றார். டபுள், “அவங்களை விடுங்கண்ணா. பேசாம இருக்கறவங்க எங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தா நான் கோயில் கட்டுவேன்” என்றாள். பின்னணியில் ஏதோ உடைந்தது. இரண்டு குழந்தைகளும் ஒரே சுருதியில் அழுதன.

வேலையைப் பிரித்தார்கள். நன்மைகள் டபுளுக்கு. அவள் மூச்சு விடாமல் சொன்னாள்: “புள்ளைங்களுக்கு ஊட்டிக்கிட்டே படிக்கறேன். கிளாஸைப் பாதியில நிறுத்தி பாத்ரூம் போறேன். புரியலைன்னா மூணு தடவை போட்டுக் கேக்கறேன், மூஞ்சியைச் சுளிக்க யாரும் இல்ல. இது இல்லைன்னா எனக்கெல்லாம் படிப்பே இல்லண்ணா.” மேஜருக்கு முன்னுரை, முடிவுரை கொட்டாவிக்கு, விழித்திருந்தால். குறைகள் இருபத்திமூன்றுக்கு.

அவனுக்கு அந்த ஒரு வடிவம்தான் எழுத வரும். மதியச் சாப்பாட்டு நேரத்தில், அச்சு இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினான்.

‘இணையவழி உயர்கல்வி. கண்வழி உட்கொள்ள வேண்டியது. யாருக்கு: வேலையை விட முடியாதவர்கள், ஊரை விட முடியாதவர்கள், குழந்தையைக் கீழே விட முடியாதவர்கள். யாருக்கு வேண்டாம்: யாராவது முறைத்தால்தான் புத்தகத்தைத் திறப்பேன் என்பவர்கள், கையால் செய்து பழக வேண்டிய தொழிலைக் கற்பவர்கள். வீடியோ பார்த்துப் பல் பிடுங்கக் கற்றவரிடம் வாயைத் திறக்க வேண்டாம். ஒரு வேளை தவறினால்: பதிவைப் பார்க்கவும், அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டை வேகத்தில் பார்க்க வேண்டாம். எச்சரிக்கை: குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் (ஆலோசனை: எங்கள் குழுவின் இரட்டைக் குழந்தைத் தாய்). பக்க விளைவுகள், பரவலானவை: கழுத்து வலி, கண் எரிச்சல், கேட்காமலே “கேக்குது சார்” என்று சொல்லுதல். அரிதானவை: கூடப் படித்தவர் யார் என்றே தெரியாமல் பட்டம் பெறுதல்.’

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்றாவது படி இல்லாத தாளுக்கு அவன் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டதில்லை. எழுதினான்:

‘மிக அரிதானவை: மாணவர் இறந்த பிறகும் வருகைப் பதிவு தொடரலாம்.’

அனுப்பிவிட்டான். யாராவது கேட்பார்கள் என்று நினைத்தானோ, கேட்டுவிடட்டும் என்று நினைத்தானோ, அவனுக்கே விளங்கவில்லை. எவனும் படிக்காத தாள்தானே.

படித்தார்கள். மேஜர் சிரித்துச் சிரித்துப் புரையேறியது வாய்ஸ் மெசேஜில் முழுசாகப் பதிவாகியிருந்தது. டபுள் பத்து சிரிப்புப் பொம்மைகள் போட்டாள். கொட்டாவி முழித்துக்கொண்டு, ‘அக்கா வேற லெவல்’ என்றான். அடுத்த வகுப்பில் பேராசிரியர் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார்.

“என்ன ஒரு கற்பனை! இதுதான் அங்கதம். இருபத்திமூணு, உங்களுக்குத்தான் முதல் மதிப்பெண். வெள்ளிக்கிழமை மற்ற பிரிவு மாணவர்களும் வருவாங்க. நீங்க கேமராவை ஆன் பண்ணி, இதைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசணும். தொண்டை, நெட்டு, கரண்டு, எந்தச் சாக்கும் கூடாது. இது வாய்மொழித் தேர்வாகவும் கணக்கு. வரலைன்னா உங்க குழுவுல நாலு பேருக்கும் மதிப்பெண் கிடையாது.”

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். துண்டில் ஒரு முக்கோணம் பழுப்பாகப் பதிந்திருந்தது.

உண்மையைச் சொன்னால் அவள் அங்கேயும் செத்துவிடுவாள். சொல்லாவிட்டால், டபுள் ஒரு கையில் ஊட்டிக்கொண்டே எழுதிய நன்மைகள் வீணாகும். இரண்டையும் எடைபோட்டபடி நின்றுகொண்டிருந்தபோது மச்சினி சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள். வாரம் ஒரு தரம் அப்படி வருவாள். கதவைத் தட்டுவதெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. திரையில் இன்னும் எண்கள் வரிசையாக நின்றன. அக்காவின் எண் அவளுக்குத் தெரியும்.

“மாமா, இது என்ன?”

சொன்னான். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவள் தூக்கைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“மூணு மாசமா?”

“ம்.”

“பரீட்சையும் எழுதறதா உத்தேசமா? நாளைக்குப் பட்டம் வாங்க யார் போவா? நீங்க சேலை கட்டிக்கிட்டா?”

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே நெற்றி, அதே மூக்கு. கேமராவில் இன்னும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும்.

“மாமா, நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எனக்குத் தெரியுது. அந்த ஆசையே வேண்டாம்.”

“அஞ்சு நிமிஷம்தான். எழுதித் தர்றேன். படிச்சா போதும்.”

“எனக்கே என் காலேஜ்ல அட்டெண்டன்ஸ் இல்ல. இதுல அக்காவுக்கு வேறயா?”

“நீ கேன்டீன்ல இருந்தா எப்படி இருக்கும்?” என்றான். மூன்று மாதத்தில் அவன் சொன்ன முதல் கிண்டல் அது. அவள் தூக்கை மேசையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தலையைப் பின்னி, அக்காவின் நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இவன் எழுதிய தாளை இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். “மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தோள் தெரியுது.” தள்ளி நின்றான். உள்ளே நுழைவதற்கு முன்னால், நாம் எப்படித் தெரிவோம் என்று காட்டுகிற அந்தச் சின்னப் பெட்டியில் அவள் முகம் வந்தது. கீழே ‘23’ என்றும், அக்காவின் பெயரும்.

அவள் விரல் பொத்தான் மேலேயே நின்றது. பெட்டிக்குள் இருந்த முகம் அவளைப் பார்த்தது. இவனும் பார்த்தான். மூன்று பேரும் அசையவில்லை.

“என்னால முடியாது மாமா” என்று எழுந்துவிட்டாள். “திட்டணும்னா திட்டிக்கோங்க.”

அவன் திட்டவில்லை. அவள் எழுந்த நாற்காலி சூடாக இருந்தது. உட்கார்ந்தான். சட்டையில் ஒரு கைதான் தேய்த்திருந்தது. கேமராவைப் போட்டான்.

“இருபத்திமூணு... யாருங்க நீங்க? வீட்டுக்காரரா?” என்றார் பேராசிரியர். “அவங்களைக் கூப்பிடுங்க சார். எல்லாரும் காத்திருக்காங்க.”

“அவங்க இல்லைங்க.”

“எங்க போயிருக்காங்க?”

“இறந்துட்டாங்க.”

“எப்ப?”

“மூணு மாசம் ஆச்சு. அட்டெண்டன்ஸ் நான்தான் போட்டேன். அந்தக் குறைகளையும் நான்தான் எழுதினேன். மத்த மூணு பேருக்கும் எதுவும் தெரியாது. அவங்க மார்க்கைக் குறைக்காதீங்க.”

சத்தமே இல்லை. எல்லாரும் மியூட்டில் இருந்தார்கள் என்பதுதான் காரணம். நேர் வகுப்பாக இருந்தால் ஒரு நாற்காலியாவது கிரீச்சிட்டிருக்கும். உரையாடல் பெட்டியில் கைகூப்பும் பொம்மைகள் மளமளவென்று ஏறின. நடுவில் எவனோ தாமதமாக வந்தவன் ‘ப்ரசன்ட் சார்’ போட்டான்.

பிறகு மேஜர் கேமராவைப் போட்டார். மரியாதைக்காக எழுந்து விறைப்பாக நின்றார். நின்றதில் தலை சட்டத்துக்கு மேலே போய்விட்டது. திரையில் அவருடைய தொப்பையும் பெல்ட்டும் மட்டும் அஞ்சலி செலுத்தின. அவரைப் பார்த்து டபுள் போட்டாள், இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, கன்னமெல்லாம் கண்ணீர். கொட்டாவி ஒரு பஸ்ஸுக்குள் இருந்தான். அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஒவ்வொரு கட்டமாக விளக்கு ஏறியது. சமையலறைகள், மாடிப்படிகள், ஒரு மருந்துக்கடை, பாதி மழித்த தாடியோடு ஒருவர். இத்தனை நாள் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். அவள் இவர்களில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

“தங்கச்சின்னு... உங்களையா நான் கொப்புளிக்கச் சொன்னேன்?” என்று தொப்பைக்கு மேலிருந்து மேஜரின் குரல் உடைந்து வந்தது.

“கொப்புளிச்சேங்க” என்றான் அவன். அது உண்மை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில், வருகைப் பதிவேட்டை இப்போது தொழில்நுட்பரீதியாக எப்படித் திருத்துவது என்று யோசித்தார். யோசித்தது வெளியே கேட்டுவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டு, மூன்று பேருக்கும் மதிப்பெண் உண்டு என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கல்வி மரணத்தையும் கடந்தது என்றார். ஒரு மனைவியின் தாகத்தைக் கணவன் சுமந்தான் என்றார். நேர் வகுப்பில் இது சாத்தியமா என்று கேட்டு, சாத்தியமில்லை என்று அவரே பதில் சொல்லி, இதை இணையவழிக் கல்வியின் நன்மைகளில் சேர்த்தார். குறைகளிலும் சேர்க்கலாம்தான் என்று ஒப்புக்கொண்டு, அதற்குத் தனியாக விளக்கம் கொடுத்தார். மச்சினி கேமராவுக்கு எட்டாத இடத்தில் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“நம்ம இணையதளத்துல அவங்களுக்கு ஒரு பக்கம் போடறோம்” என்று பேராசிரியர் ஒருவழியாக இவனிடம் வந்தார். “மேல ஒரு வாசகம் வேணும். அவங்க கடைசியா படிப்பைப் பத்தி, வாழ்க்கையைப் பத்தி, ஏதாவது சொல்லியிருப்பாங்க இல்லையா? அதை அப்படியே போட்டுடலாம். என்ன சொன்னாங்க?”

மாமியாரிடம் கேட்டிருந்தால் பிரச்சினை இல்லை. “மாப்பிள்ளையைப் பாத்துக்கோம்மான்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனா” என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் கடைசியாகப் பேசியபோது அவள் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். பல் டாக்டரும் ஏதோ சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. நல்ல வாசகங்கள்தான். எதை வேண்டுமானாலும் போடலாம். சரிபார்க்க யாரும் வரப்போவதில்லை.

ஆனால் அவன் பிழை பார்க்கிறவன். தாளில் உள்ளதுதான் அச்சில் போக வேண்டும்.

அவளைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போக ஆட்கள் வந்து, கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்துக்கொண்டிருந்த நேரம். போன் தலையணையில், அவள் காதுப் பக்கம் கிடந்தது. வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. இவன் அட்டெண்டன்ஸ் போட்டாகிவிட்டது என்றான். பேராசிரியர் நடத்துவதை அவள் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கேட்டாள். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, சிரிப்பாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு குழாய் போட்டுவிட்டார்கள், பேச்சில்லை.

“சொல்லுங்க சார்” என்றார் பேராசிரியர். கையில் பேனாவை எடுத்துக்கொண்டார். எல்லாக் கட்டங்களிலும் எல்லாரும் காத்திருந்தார்கள். சொன்னான், கூட்டாமல், குறைக்காமல்:

“என்னங்க, இந்த ஆளு இன்னும் முடிக்கலையா?”